முதல் முழுத்தானிய ஹாப்பி ஏல்: பொருள்களைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

மால்ட் சாறு டப்பாக்களை விட்டுவிட்டு, முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்தே பீர் காய்ச்சத் துணிபவர்கள் பெரும்பாலும் பாத்திரங்களைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். எவ்வளவு பெரிய அண்டா வேண்டும், துணிப்பை போதுமா, குழாய் வைத்த குளிர்பெட்டி தேவையா என்றெல்லாம் வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். பொருள்களை மட்டும் கடைசி நாளில், கண்ணில் பட்ட சமையல் குறிப்பைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பாத்திரம் சுமாராக இருந்தாலும் நல்ல ஏல் (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர்) காய்ச்சிவிடலாம். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸைப் பழையதாகவும், மால்ட்டைப் பொருந்தாததாகவும் வைத்துக்கொண்டு எந்தப் பாத்திரத்திலும் அதைக் காய்ச்ச முடியாது.

என்னுடைய முதல் முழுத்தானிய ஏலில் நான்கு வகை கிரிஸ்டல் மால்ட்டும் ஆறு வகை ஹாப்ஸும் இருந்தன. தனித்தனியே எல்லாம் நல்ல பொருள்கள்தாம். ஆனால் ஒன்றாகச் சேர்ந்தபோது எந்தச் சுவை எதிலிருந்து வந்தது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஏல் குடிக்கத் தகுந்ததாகவே இருந்தது. அடுத்த முறை எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதுதான் தெரியாமல் போயிற்று. அன்றிலிருந்து ஒரே ஒரு விதியைக் கடைப்பிடித்து வருகிறேன். ஒரு பொருள் எந்த வேலைக்காக உள்ளே போகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அது பட்டியலில் இருக்கலாம். சொல்ல முடியாவிட்டால் அதற்கு அங்கே இடமில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த விதியின்படியே செல்கிறது. வீட்டில் பீர் காய்ச்சுவது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், பொருள்களை வாங்குவதற்கு முன் உங்கள் இடத்தின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த ஏல் வேண்டும் என்பதை எண்களில் எழுதுங்கள்

நொதிகலத்தில் 20 லிட்டர். தொடக்க அடர்த்தி 1.052, முடிவு அடர்த்தி 1.012, கசப்பு 40 ஐபியுவுக்கு (கசப்பை அளக்கும் அலகு) அருகில், நிறம் தெளிந்த பொன்னிறம். முதல் முயற்சிக்கு இந்த அளவுகளையே நான் பரிந்துரைக்கிறேன். அடர்த்தி 1.052 என்றால் அதே அளவு தண்ணீரைவிட அந்தச் சாறு 1.052 மடங்கு கனமானது என்று பொருள். அந்தக் கூடுதல் கனம் பெரும்பாலும் சர்க்கரையால் வருவது. தொடக்க அடர்த்தியிலிருந்து முடிவு அடர்த்தியைக் கழித்து 131.25 ஆல் பெருக்கினால் மதுசாரத்தின் அளவு தோராயமாகக் கிடைக்கும். மேலே சொன்ன எண்களுக்கு அது 5.2 சதவீதம்.

இதைவிட வலிமையான ஏலை முதலிலேயே முயல வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அடர்த்தி கூடக் கூடத் தானியமும் கூடுகிறது, தானியத்திலிருந்து சர்க்கரையை முழுமையாகக் கழுவி எடுப்பது கடினமாகிறது, ஈஸ்ட்டும் அதிகமாகத் தேவைப்படுகிறது. 1.050க்குச் சற்று மேலே இருக்கும் ஏலில் இந்த மூன்று தொல்லைகளும் பெரும்பாலும் இல்லை. ஹாப்ஸின் மணத்தைத் தாங்கி நிற்கத் தேவையான உடல், அதாவது வாயில் உணரும் கனம், போதுமான அளவு இருக்கிறது.

படி 2: அடிப்படை மால்ட்

பார்லியை நனைத்து முளைவிடச் செய்து, முளை வளர்ந்துவிடாதபடி சூடான காற்றில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் உருவாகின்றன. வெந்நீரில் ஊறும் ஒரு மணி நேரத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பவை அவைதாம். பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் எளிதில் உண்ணும் மால்ட்டோஸைத் தருகிறது. ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வேகமாக இயங்கி, ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்களையும் விட்டுவைக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், உலர்வும் உடலும் சமமாக அமைந்த ஏல் கிடைக்கும்.

இந்த நொதித் திறனை லின்ட்னர் என்ற அலகில் அளக்கிறார்கள். மொத்தத் தானியத்தின் சராசரி 40 லின்ட்னருக்குக் குறையாமல் இருந்தால் மாவுச்சத்து முழுவதும் மாறிவிடும். இருவரிசைப் பார்லியிலிருந்து செய்த பேல் மால்ட் பொதுவாக 100 லின்ட்னரைத் தாண்டியே இருக்கும். ஆகவே அது தன் மாவுச்சத்தை மாற்றிக்கொள்வதோடு, நொதியே இல்லாத மற்ற மால்ட்டுகளுக்கும் சேர்த்து உழைக்கும். கிரிஸ்டல் மால்ட்டிலும் கருக வறுத்த மால்ட்டுகளிலும் நொதி கிடையாது.

பெயர்கள் இந்த இடத்தில் குழப்பும். பேல் மால்ட், பேல் ஏல் மால்ட் என்ற இரண்டும் ஒன்றல்ல. முன்னது, நிறத்தை அளக்கும் லோவிபாண்ட் என்ற அலகில், ஏறத்தாழ 2 நிறமுடையது. பின்னது சற்றுக் கூடுதல் வெப்பத்தில் உலர்த்தப்பட்டு 3 லோவிபாண்டை ஒட்டிய நிறமும், ரொட்டியின் மேல்தோலை நினைவூட்டும் சுவையும் கொண்டது. இங்கிலாந்தில் 1960களின் நடுவில் அறிமுகமாகி இன்றும் பயிரிடப்படும் மாரிஸ் ஓட்டர் என்னும் பார்லி வகை இந்த இரண்டாம் வகைச் சுவைக்குப் பெயர் பெற்றது. ஹாப்ஸ் முன்னால் நிற்க வேண்டும் என்றால் பேல் மால்ட்டையும், ஹாப்ஸும் மால்ட்டும் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்றால் மாரிஸ் ஓட்டரையும் எடுத்துக்கொள்ளலாம். முதல் ஏலுக்கு நான் பேல் மால்ட்டையே சொல்வேன். பில்ஸ்னர் மால்ட்டும் பயன்படும். ஆனால் குறைந்த வெப்பத்தில் உலர்த்தப்பட்டதால் வேகவைத்த சோள வாடை தரும் டைமெத்தில் சல்ஃபைடின் மூலப்பொருள் அதில் அதிகமாகத் தங்கியிருக்கும். அதை ஆவியாக்க மூடியில்லாமல் 90 நிமிடம் கொதிக்கவிடுவது வழக்கம். முதல் நாளில் அந்தக் கூடுதல் அரைமணி நேரம் வேண்டாம்.

அளவைக் கணக்கிடும் முறை எளியது. ஒரு கிலோ மால்ட், அதன் சர்க்கரை முழுவதும் கரைந்தால், ஒரு லிட்டரில் ஏறத்தாழ 300 புள்ளி அடர்த்தியைத் தரும் (1.052 என்பது 52 புள்ளி). முதல் முறை காய்ச்சுபவருக்கு அதில் 65 முதல் 70 சதவீதமே நொதிகலம் வரை வந்து சேரும். 5 கிலோ தானியம், 70 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டால் 5 × 300 × 0.70 = 1050 புள்ளிகள். அதை 20 லிட்டரால் வகுத்தால் 52, அதாவது 1.052. திறன் 65 சதவீதமாகக் குறைந்தால் 1.049 வரும். அந்த ஏலும் நன்றாகவே இருக்கும். அதற்காக முன்கூட்டியே ஒரு கிலோ தானியத்தைக் கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள். உங்கள் அடுப்பின், உங்கள் பையின் உண்மையான திறன் எவ்வளவு என்பது இந்த முதல் அளவிலிருந்துதான் தெரியவரும்.

வாங்கும்போது ஒரு தானியத்தை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள். நல்ல மால்ட் மொறுமொறுவென்று உடைந்து, மாவாகக் கரைந்து, இலேசான இனிப்பை நாக்கில் விடும். பல்லில் மெத்தென்று ஒட்டினால் அது ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்று அறியலாம். உடைத்த மால்ட்டாக வாங்கினால் ஒரு கைப்பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் வெண்பருப்பு மூன்று நான்கு துண்டுகளாக உடைந்திருக்க வேண்டும். உமி கிழியாமல், படகுபோல் முழுமையாக இருக்க வேண்டும். முழுத்தானியம் ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கலாகாது. அந்த உமிதான் பின்னர் சாறு வடியும்போது வடிகட்டியாக நிற்கப்போகிறது. துணிப்பையில் காய்ச்சுபவர்களுக்கு வடிகட்டும் வேலையைப் பையே செய்துவிடுவதால், இன்னும் சற்று நைசாக உடைத்தாலும் கேடில்லை. திறன்கூட ஓரளவு உயரும். சொந்தமாக உடைக்கும் கருவி இல்லாவிட்டால் காய்ச்சும் நாளுக்கு இரண்டொரு வாரத்துக்குள் உடைத்து வாங்கி, காற்றுப் புகாத கலனில் வைத்தால் போதும்.

படி 3: சிறப்பு மால்ட்டில் கைச்சிக்கனம்

பச்சை மால்ட்டை ஈரம் போகாமல் சூடாக்கினால் தானியத்துக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். பிறகு வறுக்கும்போது அந்தச் சர்க்கரை கண்ணாடிபோல் இறுகிக் கேரமல் சுவை பெறும். இதுவே கிரிஸ்டல் மால்ட். இதன் சர்க்கரையில் கணிசமான பகுதியை ஈஸ்ட்டால் உண்ண முடியாது. எனவே நிறத்தோடு இனிப்பும் உடலும் ஏலில் தங்கிவிடும்.

ஹாப்பி ஏலில் இதற்கு 5 சதவீதம் போதும். 10 சதவீதத்தைத் தாண்டினால் கேரமல் இனிப்பு, ஹாப்ஸின் எலுமிச்சை மணத்தை மூடிப்போட்டதுபோல் அமுக்கிவிடுகிறது. நிறத்திலும் கவனம் வேண்டும். 40 லோவிபாண்ட், அதாவது ஐரோப்பிய நிற அலகில் ஏறத்தாழ 100 ஈபிசி அளவிலான கிரிஸ்டல் மால்ட் மென்மையான கேரமல் சுவையைத் தரும். 120 லோவிபாண்ட் வகை உலர்திராட்சையும் கருகிய சர்க்கரையும் போலச் சுவைக்கும். அது வேறொரு ஏலுக்கு உரியது. அமெரிக்காவிலிருந்து வரும் பையில் லோவிபாண்டும் ஐரோப்பியப் பையில் ஈபிசியும் அச்சிட்டிருக்கும். 40 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், ஈபிசி 40 உடைய மிக வெளிறிய மால்ட்டை எடுத்து வந்துவிடுவீர்கள்.

இன்னொரு 5 சதவீதம் கோதுமை மால்ட். இதன் புரதம் நுரையை நிலைக்க வைக்கும். இதன் வேலை அவ்வளவே. ஆக 4.5 கிலோ பேல் மால்ட், 250 கிராம் கிரிஸ்டல், 250 கிராம் கோதுமை மால்ட். மியூனிக், விக்டரி, கேராபில்ஸ் ஆகிய மால்ட்டுகளும் நல்லவையே. அவற்றுக்கு அடுத்தடுத்த முறைகள் இருக்கின்றன.

படி 4: ஹாப்ஸ்

இந்த ஏலின் பெயரே ஹாப்ஸிலிருந்து வருவதால், காசும் கவனமும் அதிகம் செலவாக வேண்டிய இடம் இதுதான்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூக்கூம்பு. கூம்பின் இதழ்களைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள்போல் லூபுலின் ஒட்டியிருக்கும். அதில் இரண்டு செல்வங்கள் உள்ளன. முதலாவது ஆல்ஃபா அமிலங்கள். இவை கொதிக்கும்போது வடிவம் மாறி, நீரில் கரையும் கசப்பாகின்றன. இரண்டாவது மிர்சீன், ஹியூமுலீன், கேரியோஃபிலீன் முதலிய நறுமண எண்ணெய்கள். இவை கொதிநீராவியோடு ஓடிவிடும். கசப்புக்கு நீண்ட கொதிப்பு வேண்டும், மணத்துக்குக் கொதிப்பே ஆகாது. இந்த முரணிலிருந்துதான் ஹாப்ஸை வெவ்வேறு நேரங்களில் சேர்க்கும் வழக்கம் பிறந்தது. எந்த வகையை எந்த நேரத்துக்கு வாங்குவது என்பதையும் இதே முரண் தீர்மானிக்கிறது.

கசப்புக்கான ஹாப்ஸிலிருந்து தொடங்கலாம். 60 நிமிடம் கொதிக்கும்போது அதன் மணம் ஏறத்தாழ முழுவதும் போய்விடும் என்பதால், இங்கே விலைமதிப்புள்ள மணவகைகளைப் போடுவது வீண். ஆல்ஃபா அமிலம் அதிகமாகவும் கசப்பு மழுங்கலில்லாமலும் உள்ள வகை போதும். ஜெர்மனியில் உருவான மேக்னம் அப்படிப்பட்டது; பொதுவாக 12 முதல் 14 சதவீத ஆல்ஃபா அமிலம் கொண்டது. அதிகச் சதவீதம் உள்ள வகையைக் குறைவாகப் போட்டால் போதும் என்பதால், அண்டாவில் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும் சக்கையும் குறைகிறது.

மணத்துக்கு இரண்டே வகைகள். என் தேர்வு கேஸ்கேடும் சென்டெனியலும். கேஸ்கேட், ஓரிகனில் அமெரிக்க வேளாண் துறையின் பயிர்ப்பெருக்கத் திட்டத்தில் உருவாகி 1972இல் வெளியானது. 1980இல் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏல், கேஸ்கேடின் கிரேப்ஃப்ரூட் மணத்தையும் மலர் மணத்தையும் உலகறியச் செய்தது. சென்டெனியல் 1990இல் வந்தது. அதே குடும்பச் சாயலோடு, இன்னும் அடர்த்தியான எலுமிச்சை மணமும் சற்றே பிசின் வாசமும் கொண்டது. ஒன்றையொன்று மறைக்காமல் ஒன்றின் மேல் ஒன்று அமரும் இணை இது. மாம்பழம், லிச்சி போன்ற வெப்பமண்டலப் பழ மணம் விருப்பமானால் 2007இல் வந்த சிட்ராவையோ 2012இல் வந்த மொசைக்கையோ சென்டெனியலின் இடத்தில் வைக்கலாம். பைன் பிசினின் கூர்மை பிடிக்குமானால் சினூக் அல்லது சிம்கோ. ஆனால் மொத்தம் இரண்டு. மூன்றாவதைச் சேர்க்கும் ஆசை வந்தால் அதை அடுத்த காய்ச்சலுக்கு எழுதி வைத்துவிடுங்கள்.

கசப்பைக் கணக்கிடும் சூத்திரம் இது: ஹாப்ஸின் எடையைக் கிராமில் எடுத்து, ஆல்ஃபா அமிலத்தைத் தசமமாக எழுதிப் பெருக்கி, கரைதிறனால் பெருக்கி, 1000 ஆல் பெருக்கி, கொதித்து முடிந்தபின் இருக்கும் லிட்டரால் வகுக்க வேண்டும். கரைதிறன், அதாவது ஆல்ஃபா அமிலத்தில் கசப்பாக மாறிக் கரையும் பங்கு, கொதிக்கும் நேரத்தைப் பொறுத்தது. கரைதிறனைக் காட்டும் டின்செத் அட்டவணைப்படி, 1.050 அடர்த்தியில் 60 நிமிடத்துக்கு 0.231, 15 நிமிடத்துக்கு 0.115, 5 நிமிடத்துக்கு 0.046. நம் அண்டாவில் கொதி முடியும்போது 22 லிட்டர் இருக்கும். 12 சதவீத மேக்னம் 20 கிராம், 60 நிமிடத்துக்கு 25 ஐபியு தரும். 6 சதவீத கேஸ்கேட் 20 கிராம், கடைசி 15 நிமிடத்துக்கு 6 ஐபியு. 10 சதவீத சென்டெனியல் 30 கிராம், கடைசி 5 நிமிடத்துக்கு இன்னொரு 6. மொத்தம் 37க்கு மேல். அடுப்பை அணைத்தபின் சேர்ப்பதிலிருந்தும் சிறிது வரும் என்பதால் 40ஐ நெருங்கிவிடும்.

உறையில் அச்சிட்ட சதவீதத்தை வைத்தே இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஆல்ஃபா அமிலம் ஆண்டுக்கு ஆண்டு, வயலுக்கு வயல் மாறுகிறது. உங்களுக்குக் கிடைத்த மேக்னம் 14 சதவீதம் என்றால் 20 கிராமுக்குப் பதில் 17 கிராம் போதும்.

அடுப்பை அணைத்து, சாறு 80 டிகிரிக்கு இறங்கியதும் கேஸ்கேட் 20 கிராமும் சென்டெனியல் 20 கிராமும் போட்டு 20 நிமிடம் விடுங்கள். இந்த வெப்பத்தில் கசப்பு மெதுவாகவே உருவாகும். எண்ணெய்களோ சாற்றில் தங்கும். பிறகு நொதித்தல் முடியும் தறுவாயில், நொதிகலத்திலேயே ஒவ்வொன்றிலும் 30 கிராம் உலர் ஹாப்பாகச் சேர்த்து மூன்று நான்கு நாள் விட வேண்டும். லிட்டருக்கு 3 கிராம் என்ற இந்த அளவு, முகர்ந்தவுடன் மணம் தெரியப் போதுமானது. மொத்தத்தில் மேக்னம் 20 கிராம், கேஸ்கேட் 70 கிராம், சென்டெனியல் 80 கிராம் தேவை.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஹாப்ஸின் புத்துணர்வு. ஹாப்ஸுக்குப் பகை காற்று, வெப்பம், ஒளி. கேஸ்கேட் அறைவெப்பத்தில் காற்றுபடக் கிடந்தால் ஆறு மாதத்தில் ஆல்ஃபா அமிலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். மணமும் கூடவே போகும். ஒருமுறை கண்ணாடிச் சாடியில் நிறுத்தி விற்ற ஹாப்ஸை, நிறம் பச்சையாகத்தானே இருக்கிறது என்று வாங்கி வந்து உலர் ஹாப்பாகப் போட்டேன். 20 லிட்டர் ஏலும் பழைய பாலாடைக்கட்டி நாறியது. ஹாப்ஸின் பிசின்கள் காற்றுபட்டுச் சிதைந்து ஐசோவலெரிக் அமிலமாகும்போது வரும் நாற்றம் அது. அதை எந்த வழியாலும் நீக்க முடியாது.

ஆகவே நைட்ரஜன் நிரப்பியோ வெற்றிடமாக்கியோ மூடிய உலோகத்தாள் உறையில், குளிர்பதனத்தில் வைத்து விற்கப்படும் ஹாப்ஸை மட்டும் வாங்குங்கள். உறையில் அறுவடை ஆண்டு இருக்கும். வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட், செப்டம்பரிலும், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும் அறுவடை நடக்கிறது என்பதை நினைவில் வைத்தால் உறையின் உண்மையான வயது புரியும். வீட்டுக்கு வந்ததும் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். உறையைப் பிரித்ததும் இரண்டு மூன்று குளிகைகளை (ஹாப்ஸை அரைத்து அழுத்திய சிறு துண்டுகள்) உள்ளங்கையில் வைத்து, மறு கையால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கேஸ்கேடானால் தோல் சீவிய கிரேப்ஃப்ரூட் மணம் உடனே எழ வேண்டும். கையில் பசபசவென்று பிசின் ஒட்ட வேண்டும். பழுப்புத் தூளாக உதிர்ந்து, வைக்கோலோ பாலாடைக்கட்டியோ மணந்தால் எவ்வளவு செலவழித்திருந்தாலும் அதைப் போட வேண்டாம்.

முழுக்கூம்பா குளிகையா என்ற கேள்விக்கு என் பதில் குளிகை. 100 கிலோ கூம்பிலிருந்து 90 கிலோ குளிகை கிடைத்ததால் டி-90 என்று பெயர் பெற்ற வகையே எங்கும் கிடைப்பது. அழுத்திச் செய்ததால் காற்றுபடும் பரப்பு குறைந்து, நீண்ட நாள் கெடாமல் இருக்கும். வீட்டில் நாய் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் மனத்தில் கொள்ளுங்கள்: ஹாப்ஸ் நாய்க்கு நஞ்சு. புதியதானாலும், காய்ச்சி எறிந்த சக்கையானாலும், உடல் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றி உயிரையே பறிக்கக்கூடும். சக்கையை நாய் எட்டாத இடத்தில் அப்புறப்படுத்துங்கள்.

படி 5: ஈஸ்ட்

ஈஸ்ட் இந்த ஏலில் ஒதுங்கி நிற்க வேண்டும். மால்ட்டையும் ஹாப்ஸையும் பேசவிட்டு, தன் பழ மணங்களை அதிகம் சேர்க்காத அமெரிக்க ஏல் ஈஸ்ட்டே தேவை. சஃபேல் யுஎஸ்-05 உலர் ஈஸ்ட்டின் 11.5 கிராம் உறை ஒன்று, 1.052 அடர்த்தியுள்ள 20 லிட்டருக்குப் போதுமானது. திரவ ஈஸ்ட்டில் வைஈஸ்ட் 1056 அதே குணமுடையது. ஆனால் உயிரணுக்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைவதால் அதற்குத் தொடக்கக் கரைசல் (ஈஸ்ட்டை முன்னதாகவே பெருக்கும் சாறு) தயாரிக்க வேண்டிவரும். முதல் முழுத்தானிய நாளில் ஏற்கெனவே வேலை அதிகம் என்பதால் உலர் ஈஸ்ட்டையே எடுங்கள்.

எந்த ஈஸ்ட் என்பதைவிட எந்த வெப்பம் என்பது சுவையை அதிகம் மாற்றும். 18 முதல் 20 டிகிரியில் இந்த ஈஸ்ட் சுத்தமாக நொதிக்கும். நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்குவதால், கலத்துக்குள் இருக்கும் சாறு அறையைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். அறை 20 டிகிரி என்றால் சாறும் 20 என்று எண்ணிவிடக் கூடாது. 25ஐத் தாண்டினால் பழ மணம் தரும் எஸ்டர்களும் தொண்டையை எரிக்கும் கனமான மதுசாரங்களும் கூடும். கலத்தை நீர்த் தொட்டியில் நிறுத்தி, பனிக்கட்டிப் புட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டாலே முதல் மூன்று நாள்களைக் கடந்துவிடலாம். அதற்கும் வழியில்லாத வெப்பமான இடமானால் பொருளையே மாற்றுவது அறிவுடைமை: நார்வேயின் பண்ணைகளில் தலைமுறைகளாகப் பேணப்பட்ட குவெய்க் ஈஸ்ட்டில், வோஸ் என்ற வகை 35 டிகிரிக்கு மேலும் கெடாமல் நொதிக்கும், அது தரும் ஆரஞ்சு மணம் கேஸ்கேடோடு இசைந்தே போகும்.

படி 6: தண்ணீர்

ஏலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதிலிருந்து முதலில் போக வேண்டியது குளோரின். குளோரினும் குளோரமைனும் மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்தால், மிகச் சிறிய அளவிலேயே மருந்துப் பஞ்சின் வாடையைத் தந்துவிடும். கொதிக்கவைத்தால் குளோரின் போகும், குளோரமைன் எளிதில் போகாது. பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டால் ஆன கேம்ப்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்து நம் தண்ணீர் முழுவதிலும் கலக்கினால், சில நிமிடங்களில் இரண்டுமே செயலிழந்துவிடும்.

எவ்வளவு தண்ணீர்? நொதிகலத்துக்கு 20 லிட்டர், அண்டாவின் அடியில் தங்கும் கசடுக்கு 2, ஆவியாவதற்கு 4, தானியம் உறிஞ்சுவதற்குக் கிலோவுக்கு ஒன்று என்று 5. ஆக 31 லிட்டர்.

ஹாப்ஸின் கசப்பு நாக்கில் எப்படி விழுகிறது என்பதில் தண்ணீரின் உப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சல்ஃபேட் கசப்பை உலர்வாகவும் கூர்மையாகவும் காட்டும். குளோரைடு மால்ட்டை உருட்டி இனிமையாக்கும். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரம் கசப்பான ஏலுக்குப் புகழ்பெற்றதற்கு அதன் கிணற்று நீரில் இயல்பாகவே மிகுந்திருந்த ஜிப்சம் என்னும் கால்சியம் சல்ஃபேட் ஒரு முக்கியக் காரணம். உங்கள் தண்ணீரின் ஆய்வறிக்கை கையில் இல்லாவிட்டால், உப்பு நீங்கிய ஆர்ஓ நீரில் தொடங்குவதே பாதுகாப்பு. 31 லிட்டரில் ஜிப்சம் 7 கிராமும் கால்சியம் குளோரைடு 2 கிராமும் சேர்த்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 70 மில்லிகிராம் கால்சியம், 125 மில்லிகிராம் சல்ஃபேட், 30 மில்லிகிராம் குளோரைடு கிடைக்கும். உணவுத் தரமுள்ள உப்புகளாகவே வாங்க வேண்டும். கிராமில் ஒரு தசம இடம் காட்டும் சிறு தராசும் வேண்டும்.

ஊறும் தானியக் கலவையின் பிஎச் மதிப்பு 5.2க்கும் 5.6க்கும் இடையில் இருப்பது நல்லது. வெளிறிய மால்ட்டும் மென்மையான நீரும் சேரும்போது அது சற்று மேலே நிற்கும். மொத்தத் தானியத்தில் ஒரு சதவீதம் அமிலமால்ட் பிஎச்சை ஏறத்தாழ 0.1 இறக்கும் என்பதால், பேல் மால்ட்டில் 100 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் 100 கிராம் அமிலமால்ட்டை வைத்தால் போதும். அளவுமானி இல்லையென்றால் இதோடு விட்டுவிடுங்கள். நாக்கில் தெரியும் பிழை இதனால் வருவது அரிது.

படி 7: சிறு பொருள்கள்

தெளிவுக்கு, கொதியின் கடைசி 10 நிமிடத்தில் விர்ல்ஃப்ளாக் மாத்திரை ஒன்று. கடற்பாசியிலிருந்து எடுத்த காரஜீனன் அதில் இருக்கிறது. அது புரதத்தைத் திரட்டி அடியில் படியவைக்கும்.

புட்டியில் வாயு உண்டாக டெக்ஸ்ட்ரோஸ் 120 கிராம். இதைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, ஏல் முழுவதிலும் கலந்த பிறகே புட்டிகளில் நிரப்ப வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஹாப்ஸிலும் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் சிறிதளவு உண்டு. உலர் ஹாப் சேர்த்தபின் அவை டெக்ஸ்ட்ரின்களைச் சர்க்கரையாக உடைக்க, முடிந்துபோனதாக நினைத்த நொதித்தல் மீண்டும் மெல்லத் தொடங்கலாம். அந்த நிலையில் புட்டியில் அடைத்தால் அழுத்தம் மிகுந்து கண்ணாடி வெடிக்கும். ஆகவே உலர் ஹாப் போட்ட பிறகு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை ஹைட்ரோமீட்டரில் பார்த்து, அடர்த்தி அசையாமல் நின்ற பின்னரே புட்டியில் அடையுங்கள். புட்டிகள் பழுப்பு நிறமாக இருக்கட்டும்; ஒளிபட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து அருவருப்பான கந்தக நாற்றம் தரும்.

வாங்கும் வரிசை

காய்ச்சும் நாளைக் குறித்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி வாங்குவது நல்லது. உப்பு, மாத்திரை, டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஈஸ்ட் உறையின் காலாவதித் தேதியைப் பார்த்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஹாப்ஸைத் தேடிப் பிடித்து வாங்கி, ஆல்ஃபா சதவீதத்தைப் பார்த்துக் கசப்புக் கணக்கை மீண்டும் போடுங்கள். உடைத்த மால்ட்டைக் கடைசியாக வாங்குங்கள். ஹாப்ஸில் ஏதாவது ஒன்று புதிதாகக் கிடைக்காவிட்டால், கிடைக்கும் மற்றொன்றையே இரண்டின் அளவுக்கும் போட்டுவிடலாம். பழையதை வைத்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டாம்.

எல்லாப் பொருளிலும் சிறிது மீதி வையுங்கள். ஒவ்வொரு மால்ட்டிலும் ஒரு கைப்பிடி, கேஸ்கேடிலும் சென்டெனியலிலும் ஐந்தைந்து கிராம், காற்று நீக்கி மூடிய உறையில். மால்ட் அலமாரியிலும், ஹாப்ஸ் உறைநிலைப் பெட்டியிலும் இருக்கட்டும். புட்டியில் அடைத்த மூன்றாவது வாரத்தில், ஹாப்ஸ் மணம் உச்சத்தில் இருக்கும்போது முதல் புட்டியைத் திறந்து ஊற்றுங்கள். அந்த மீதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிரிஸ்டல் மால்ட்டை ஒருமுறை கடித்துவிட்டு ஒரு வாய் அருந்துங்கள்; கேஸ்கேடைத் தேய்த்து முகர்ந்துவிட்டு மறுபடி ஒரு வாய்; பிறகு சென்டெனியல். எது எங்கே நிற்கிறது என்பது அப்போது தெரியும். அதை அன்றைய தேதியோடு எழுதி வைத்துவிட்டு, அடுத்த காய்ச்சலில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்.